தொப்பியும் கயிறும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதப்பட்டவையாயினும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கே இடம் தருகிறேன்.

கேள்வி: என் மகன் சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தொளதொளச் சட்டை, திருப்பிப் போட்ட தொப்பி, கழுத்தில் பட்டைச் சங்கிலி என்ற கோலத்தில்தான் விடுமுறைக்கு வந்து நிற்கிறான். எந்நேரமும் ராப் பாட்டு. தானே எழுதிப் பாடவும் செய்கிறான். “அமெரிக்காக்காரன் வேஷம்” என்று சொல்லி, அவன் அப்பா அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். தமிழ்ப் பிள்ளை என்ற அடையாளத்தை இவன் இழந்துவருகிறானா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. வேஷம் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் எந்த அமெரிக்கா என்று கேட்க வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, நெடுஞ்சாலை ஒன்றுக்காக நடுவே பிளக்கப்பட்டு, 1970களில் கட்டடம் கட்டடமாகத் தீக்கிரையாகி, வேறு போக்கிடமில்லாத ஏழைகள் தங்கிப்போன இடமாக இருந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க நினைத்த ஒரு பெண், நுழைவுக் கட்டணம் வைத்து ஒரு கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தாள். அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டிக்கொண்டே போனார். ராப்பை உள்ளடக்கிய ஹிப் ஹாப் கலை பிறந்த நாளாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஹெர்க் ஜமைக்காவில் பிறந்து குடிபெயர்ந்தவர். ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, இசையின் மீது பேசிக்கொண்டே போகும் வழக்கம் அந்தத் தீவில் முன்பே இருந்தது. ஆக, அமெரிக்காவிலேயே அதற்கு ஒரு கால் வெளியூரில்தான் ஊன்றியிருந்தது.

தமிழுக்கு அது பல வழிகளில் வந்து சேர்ந்தது. 1994இல் வெளியான ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலைக் கேட்காத உங்கள் தலைமுறையினர் குறைவு. (உங்கள் கணவரும் அந்த வயதில் அதற்குத் தாளம் தட்டியிருப்பார் என்பது என் ஊகம், விசாரித்துப் பாருங்கள்.) ஆனால் திரைப்படத்தின் துணையின்றித் தமிழ் ராப்பைத் தன் காலில் நிறுத்தியவர்கள் என்றால் நான் மலேசியத் தமிழ் இளைஞர்களையே முதலில் சொல்வேன். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனை) வீட்டுமனைகளுக்கும் கைமாறியபோது, ‘லயன்’ எனப்படும் வரிசை வீட்டையும் தோட்டத்துக் கோயிலையும் விட்டு நகரத்தின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், தோட்டத்துக்கும் சொந்தமில்லாமல் நகரத்துக்கும் ஒட்டாமல் நின்றார்கள். 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரோடு வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு அவர்கள் காதில் விழுந்தது அந்த நிலையில்தான். அதில் பெரிதும் பேசப்பட்ட பாடல், 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடலின் மேல் கட்டப்பட்டது. அப்பா கேட்ட பாட்டைத் தூக்கி எறியாமல், அதன் மேலேயே ஏறி நின்று பேசினார்கள்.

எனவே உங்கள் மகன் எதைப் போட்டுக்கொள்கிறான் என்பதைவிட எதைப் பாடுகிறான் என்பதைக் கேளுங்கள். பார்த்திராத நகரத்தின் துப்பாக்கியையும் காரையும் பற்றிப் பாடினால், அது வேஷமேதான். பெண்களை இழிவாகப் பேசினால், அது எந்த மொழியில் இருந்தாலும் கண்டிக்கத்தக்கது. தன் விடுதியைப் பற்றியோ, தாமிரபரணியைப் பற்றியோ, அப்பா பேசாமல் இருப்பதைப் பற்றியோ பாடினால், அவன் உங்கள் பிள்ளையாகத்தான் இருக்கிறான்.

திருநெல்வேலியிலிருந்து எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டிக்கொள்வதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்தக் கயிறு எந்தக் கப்பலிலும் வந்து இறங்கியதன்று. சாதிப் பெருமை பேசும் பாட்டுகளைக் கைபேசியில் ‘ஸ்டேட்டஸ்’ வைத்துக்கொள்ளும் பிள்ளையை “நம்ம பையன்” என்று தட்டிக்கொடுத்துவிட்டு, தொப்பி போட்ட பிள்ளையோடு பேச மறுப்பது எனக்கு விளங்கவில்லை. உங்கள் மகன் மணிக்கட்டில் கயிறு இல்லையென்றால், தொப்பியை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ராப் என்பதில் யாப்பு ஏதேனும் உண்டா, அல்லது வெறும் வேகப் பேச்சா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொல்காப்பியம் சொல்லும் தொடைகளில், அடியின் கடைசியில் ஒலி ஒத்துவரும் இயைபையே ராப் பெரிதும் நம்பியிருக்கிறது. தமிழில் இதனால் ஒரு சிக்கல் உண்டு. வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால், ‘வந்தேன், நின்றேன், சொன்னேன்’ என்று உழைப்பில்லாமலே இயைபு கிடைத்துவிடுகிறது. இளைஞர்களின் முதல் பாட்டுகள் பெரும்பாலும் இந்த மலிவில்தான் வழுக்கி விழுகின்றன. கைதேர்ந்தவர்கள் அடியின் தொடக்கத்தில் எதுகையையும் வைத்து, இரு முனைகளிலும் கட்டுகிறார்கள். திருப்புகழின் சந்தத்தை மூச்சுவிடாமல் சொல்லிப் பழகிய காதுக்கு அந்த வேகம் அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: நாங்கள் கானா பாடினால் “ரௌடிப் பாட்டு” என்றார்கள். இப்போது எங்கள் பேட்டைக்குள் காலே வைக்காத கல்லூரி மாணவர்கள் அதை ரீல்ஸில் பாடினால் “கெத்து” என்கிறார்கள். இது எங்கள் அடையாளமா, எல்லோருடையதுமா? (ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. சாவு வீட்டு வாசலில், இறந்தவரின் பெயரையும் குணத்தையும் வரியில் வைத்து விடிய விடியப் பாடிய பாட்டு அது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைக்குக் கொண்டுபோனார். 2012இல் ‘அட்டகத்தி’ வந்தபோது கானா பாலாவின் குரலையே நாடு கேட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 19 பேர் கொண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் பறையையும் ராப்பையும் கிதாரையும் ஒன்றாக வைத்து, சாதியை நேராகக் கேள்வி கேட்டது. அக்குழுவின் பெயர், ‘சாதி பேதமற்ற’ என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து வந்தது. அவர் 1914இலேயே மறைந்துவிட்டார் என்பதை, இதைப் புதுமோகம் என்பவர்களுக்கு நீங்கள் நினைவூட்டலாம்.

பாட்டை வேலி போட்டுக் காக்க முடியாது. காக்க முயன்றால் அது சுருங்கிவிடும் என்றும் நினைக்கிறேன். ஆனால் பெயரைக் காக்க வேண்டும். அக்குழுவிலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு எழுதி, 2021 மார்ச்சில் பாடகி தீயோடு சேர்ந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து வந்தது. அத்தோட்டங்களின் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று 1964இல் இரு அரசுகள் கையெழுத்திட்டதைப் பாடப்புத்தகத்தில் படிக்காத பிள்ளைகள்கூட, அந்தப் பாட்டு வழியாக ஒரு பாட்டியைத் தெரிந்துகொண்டார்கள். அதே ஆண்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் தீ இருக்க, எழுதிய அறிவு இல்லாமல் போனது பெரும் சர்ச்சையானது. பாட்டு உலகம் சுற்றும்போது முதலில் உதிர்வது எழுதியவரின் பெயர்தான்.

ஆகவே ரீல்ஸ் போடும் மாணவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கல்லூரி விழாவுக்குக் கானா வேண்டுமென்றால், பேட்டையில் பாடுகிறவர்களை அழைக்கச் சொல்லுங்கள். உரிய சன்மானத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் பதிவேற்றுவதற்கு முன்பே, எழுதியவர், பாடியவர், சட்டி அடித்தவர் என எல்லாப் பெயர்களோடும் உங்கள் பாட்டுகளை நீங்களே பதிவேற்றிவிடுங்கள். பழைய பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் தெருவில் யாரேனும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.