வேறொரு நாட்டை வெளியிலிருந்து போய்க் கட்டியெழுப்ப முடியுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். ‘ஜெர்மனியையும் ஜப்பானையும் அமெரிக்கா எழுப்பி நிறுத்தியதே, ஆப்கானிஸ்தானில் மட்டும் ஏன் கோட்டைவிட்டது?’ என்பது ஒன்று. ‘ஜனநாயகம், மனித உரிமை, ஒருமைப்பாடு என்று உலகமே ஒரே முழக்கத்தை எழுப்பினால் நல்லதுதானே, அதில் என்ன சந்தேகம்?’ என்பது இன்னொன்று.

நான் அரசியல் அறிவியல் படித்தவன் இல்லை. நீர்மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குப் புரிகிற இடத்தில், ஒரு டர்பைனிலிருந்து தொடங்குகிறேன்.

தெற்கு ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்ட் மாகாணத்தில் கஜாக்கி என்று ஓர் அணை இருக்கிறது. 1953இல் ஓர் அமெரிக்க நிறுவனம் கட்டி முடித்தது. அந்த வேலை 1946இல் தொடங்கியபோது ஆப்கன் அரசு தன் சொந்தப் பணத்தைத்தான் போட்டது. கராகுல் ஆட்டுத்தோல் விற்றுச் சேர்த்த பணம். அது தீர்ந்ததும் அமெரிக்கக் கடன். ஹெல்மண்டின் தலைநகரான லஷ்கர் காவுக்கு ‘குட்டி அமெரிக்கா’ என்றே பெயர் விழுந்தது. பாசனக் கால்வாய் வந்தது. ஆனால் வடிகாலில் போதிய கவனம் இல்லாததால் பல இடங்களில் நிலம் உவர்ந்து போனது. 1975இல் அமெரிக்க உதவியில் இரண்டு டர்பைன்கள் வைத்தார்கள். நடுவில் மூன்றாவதற்கு இடம் விட்டு வைத்தார்கள். அப்புறம் புரட்சி, சோவியத் படை, உள்நாட்டுப் போர், தாலிபன். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

தாலிபன் ஆட்சியை 2001இல் அமெரிக்கா கவிழ்த்த பிறகு, 2008 செப்டம்பரில் அந்த மூன்றாவது டர்பைன் வந்து சேர்ந்தது. காந்தஹாரிலிருந்து சுமார் 100 வண்டிகள், 200 டன்னுக்கு மேல் சரக்கு, பிரிட்டிஷ் படை தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்கள் காவல். தாலிபன் பகுதிகளைத் தாண்டி வந்த அந்தப் பயணம் உண்மையிலேயே பெரிய சாதனை. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உடனே கேட்கிற கேள்வி வேறு. சரி, சிமெண்ட் எப்போது வரும்? டர்பைன் என்பது கொண்டுவந்து சொருகுகிற பொருள் இல்லை. அதை நிறுத்தக் கான்கிரீட் வேண்டும், அதற்கு நூற்றுக்கணக்கான டன் சிமெண்ட் வேண்டும். பொருத்த ஆள் வேண்டும், வருகிற மின்சாரத்தை எடுத்துப்போக லைன் வேண்டும். ஒரு தடவை ராணுவத்தைக் கொண்டு பாதையைத் திறக்கலாம், தினமும் முடியுமா? சிமெண்ட் வரவில்லை. பொருத்த வந்த சீன ஒப்பந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். பெட்டிகள் அப்படியே கிடந்தன. அந்த யூனிட் ஓடத் தொடங்கியது 2016இல். அதைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் படை 2014இலேயே ஹெல்மண்டை விட்டுப் போயிருந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கஜாக்கி மின்சாரத்தில் ஒரு பகுதி தாலிபன் பிடியிலிருந்த ஊர்களுக்கும் போனது. அங்கே மின்கட்டணத்தைத் தாலிபன்தான் வசூலித்தது. அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் பழுது பார்த்த யூனிட், பில் பணம் எதிரிக்கு. ஓர் ஊரில் அரசு யாருடையது என்று தெரிய வேண்டுமென்றால் கொடிக்கம்பத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஜனங்கள் யாரிடம் பணம் கட்டுகிறார்கள், தகராறு வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

என் சந்தேகமே இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க ஆதரவில் நின்ற காபூல் அரசின் பொதுச்செலவில் சுமார் முக்கால் பங்கு வெளிநாட்டு மானியம். சம்பளம் அங்கிருந்து, தோட்டா அங்கிருந்து, விமானப் பராமரிப்பும் அங்கிருந்து. வாடகை ஜெனரேட்டரில் கல்யாண மண்டபம் முழுக்க சீரியல் செட் போட்டதுபோல. வாடகை கொடுக்கிறவரை ஜொலிக்கும். இப்படிப்பட்ட அரசு யாருக்குக் கணக்குக் காட்டும்? பணம் தருகிறவருக்குத்தான். 2004 அரசியல் சட்டப்படி மாகாண ஆளுநரைக்கூட அந்த மாகாணத்து மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, காபூலில் இருந்த அதிபர் நியமித்தார். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வழக்கம் மாறுகிற நாட்டில் இவ்வளவு மையப்படுத்திய அமைப்பு.

2010 பிப்ரவரியில் ஹெல்மண்டில் மார்ஜா என்ற ஊரைத் தாலிபனிடமிருந்து பிடிக்கப் போனபோது அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டல், பெட்டிக்குள் ஓர் அரசு தயாராக இருக்கிறது, கொண்டுபோய் இறக்க வேண்டியதுதான் என்று சொன்னார். அந்தப் பெட்டியிலிருந்து வந்த நிர்வாகி பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சில மாதங்களில் அவரை மாற்ற வேண்டி வந்தது. அதற்கு முன்பே, மே மாதத்தில், மார்ஜா ரத்தம் கசியும் புண் என்று அதே தளபதி புலம்பினார்.

வீண்செலவுக் கதைகள் நிறைய உண்டு, இரண்டு போதும். 54.9 கோடி டாலர் செலவான ஒரு திட்டத்தில் வாங்கிய இத்தாலியத் தயாரிப்பு விமானங்களில் 16 காபூலில் பழைய இரும்பு விலைக்குப் போயின. கிடைத்தது சுமார் 40,000 டாலர். நாட்டில் காடு 2 சதவீதம்தான், ராணுவத்துக்கு வாங்கியதோ காட்டில் மறையும் பச்சை நிறச் சீருடை. இதையெல்லாம் அம்பலப்படுத்தியது அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அலுவலகம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீரமைப்புக்கு மட்டும் சுமார் 14,500 கோடி டாலர் என்பதும் அவர்கள் கணக்குதான். என்ன நடக்கிறது என்று வருடா வருடம் அவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தேதான் இருபது வருடம் ஓடியது.

ஜெர்மனி, ஜப்பான் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அமெரிக்கா புதிதாக ஒரு அரசைக் கட்டவில்லை. தோற்ற ஓர் அரசைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, விதிகளை மாற்றியது. ஜப்பானில் 1890 முதல் நாடாளுமன்றம் இருந்தது, 1925இல் வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பேரரசரை நீக்கவில்லை, அதிகாரிகளில் பெரும்பாலானவர்களும் அதே நாற்காலியில் இருந்தார்கள். ஜெர்மனியில் ஹிட்லருக்கு முந்தைய ஜனநாயக ஆட்சியான வைமார் குடியரசைப் பார்த்த தலைமுறை உயிரோடு இருந்தது. வரி வசூலிக்கத் தெரிந்த அலுவலகம், ரயில் ஓட்டத் தெரிந்த ஆள், கணக்குப் புத்தகம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. 2003இல் ஈராக்கில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு உத்தரவுகள். ஒன்றில் சதாம் உசேனின் பாத் கட்சி மேல்மட்டத்தினர் எல்லோரும் அரசு வேலையிலிருந்து வெளியே, இன்னொன்றில் ராணுவமே கலைப்பு. இருந்த அரசையும் பிரித்துப் போட்டுவிட்டு ஜப்பானை உதாரணம் காட்டினால் எப்படி?

இப்போது முழக்கம். ‘மக்களின் இதயங்களையும் மனங்களையும் வெல்வது’ என்ற தொடர் ஹெல்மண்டில் எல்லா அதிகாரிகள் வாயிலும் இருந்தது. அது உலகமெங்கும் பிரபலமானது அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவிலிருந்து, அதாவது இன்றைய மலேசியத் தீபகற்பத்திலிருந்து. 1952இல் அங்கே உயர் ஆணையராக வந்த ஜெரால்டு டெம்ப்ளர் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கும் வழி அதுதான் என்றார். மலாயாவில் பிரிட்டன் ஜெயித்ததால் அந்த வார்த்தை மந்திரமாகிவிட்டது. மலாயாவில் வேலை பார்த்த ராபர்ட் தாம்ப்ஸன் ஆலோசகராகத் தென் வியட்நாம் போனார், அங்கே 1962இல் வேலி போட்ட ‘கேந்திரக் கிராமங்கள்’ வந்தன. விவசாயிகள் வெறுத்தார்கள், திட்டம் இரண்டே வருடத்தில் சரிந்தது. அதன் பிறகும் அமெரிக்க அதிபர் ஜான்சன் அதே தொடரைச் சொன்னார். நாற்பது வருடம் கழித்து ஈராக், ஆப்கானிஸ்தான்.

மலாயாவில் உண்மையில் நடந்தது என்ன? சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்கம்பி போட்ட புதுக் கிராமங்களுக்குள் குடியேற்றினார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். தொழிற்சங்கங்களை ஒடுக்கினார்கள். டெம்ப்ளர் வருவதற்கு முன்பே, 1949இல், தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்லி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். மலேசியத் தமிழர்களிடம் கேட்டால் இந்தக் கதையை இன்னும் விரிவாகச் சொல்வார்கள். இவ்வளவும் செய்தபோதும், தாங்கள் கிளம்பப் போவதைப் பிரிட்டிஷார் ஒத்துக்கொண்டிருந்தார்கள். 1955இல் தேர்தல், துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணிக்கு 52இல் 51 இடம், 1957 ஆகஸ்ட் 31 சுதந்திரம். அதோடு கிளர்ச்சிக்காரர்களுக்கு எல்லை தாண்டிப் பெரிய ஆதரவும் இல்லை. தாலிபனுக்கோ பாகிஸ்தானில் போய் இளைப்பாறிவிட்டு வர இடம் இருந்தது. ஹெல்மண்டுக்கு வந்து சேர்ந்தது டெம்ப்ளரின் வார்த்தை மட்டும்தான். மலாயாவின் 1957ஐ யாராலும் கொண்டுவர முடியவில்லை.

இது மேற்கத்திய நாடுகளின் வியாதி மட்டும் என்று நினைக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் அதே வருடம் நாட்டுக் கொடியை முழுச் சிவப்பாக மாற்றினார்கள். நிலச் சீர்திருத்தம், திருமணச் சட்டம் என்று வரிசையாக ஆணைகள். பல நல்ல நோக்கம் கொண்டவைதான். நிறைவேற்றும் ஆள் கிராமத்தில் இல்லை, எதிர்த்தவர்களுக்குச் சிறையும் துப்பாக்கியும். 1979 டிசம்பரில் சோவியத் படை ‘சர்வதேசக் கடமை’யைச் செய்ய வந்தது. உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள் என்று எங்கள் ஊர்ச் சுவர்களில் சிவப்புக் காவியில் எழுதியிருந்த அதே காலம். ஹெல்மண்ட் விவசாயிக்கு அந்த வார்த்தை ஹெலிகாப்டர் வடிவத்தில் போய்ச் சேர்ந்தது.

ஒரு வேடிக்கை. சோவியத் படை 1989 பிப்ரவரியில் கிளம்பிய பிறகும் அவர்கள் ஆதரவில் அதிபராக இருந்த நஜிபுல்லா மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். சோவியத் யூனியனே கலைந்து, பணமும் எரிபொருளும் நின்ற பிறகுதான், 1992 ஏப்ரலில் விழுந்தார். 2021இல் அந்த அளவுக்குக்கூட இல்லை. கடைசி அமெரிக்க வீரர் ஆகஸ்ட் 30 அன்று கிளம்பினார், காபூல் ஆகஸ்ட் 15 அன்றே விழுந்துவிட்டது. தப்பி ஓடிய அதிபர் அஷ்ரஃப் கனி, தோற்றுப்போன அரசுகளைச் சீர்செய்வது எப்படி என்று இணைந்து நூல் எழுதியவர். நம்பிக்கை போனது அதற்கும் முன்பே. 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்கா தாலிபனோடு ஒப்பந்தம் போட்டபோது காபூல் அரசை மேசையில் உட்கார வைக்கவே இல்லை. ‘எங்கள் நோக்கம் தேசக் கட்டுமானமே அல்ல’ என்று அதிபர் பைடன் 2021 ஆகஸ்ட் 16 அன்று சொன்னார். அப்படியானால் அந்த 14,500 கோடி டாலர் எதற்கு என்று அமெரிக்க வாக்காளர்தான் கேட்க வேண்டும்.

அந்த இருபது வருடத்தில் எதுவுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. லட்சக்கணக்கான பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், பெண்கள் நீதிபதியானார்கள், நிருபரானார்கள். அது பொய்யில்லை. அதனால்தான் கோபமே வருகிறது. 2022 மார்ச்சில் உயர்நிலைப் பள்ளிக் கதவைத் திறந்த அன்றே பெண்களுக்கு மறுபடி மூடிய தாலிபன், டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் மூடியது. அதே 2022 ஆகஸ்டில் காபூல் தெருவில் சில பெண்கள் ‘ரொட்டி, வேலை, சுதந்திரம்’ என்று கோஷம் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தாலிபன் காற்றில் சுட்டுக் கலைத்தது. அந்தக் கோஷத்தின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. போடுகிறவர்தான் அதற்கான விலையையும் கொடுக்கிறார். அதை இங்கே உட்கார்ந்து பகிர்கிறவருக்கு எந்தச் செலவும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

‘அப்போது வெளியில் இருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டுமா?’ என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். தடுப்பூசி கொடுக்கலாம், அகதிக்கு இடம் கொடுக்கலாம், படிக்கச் சீட்டு கொடுக்கலாம். இந்தியா பல வருடமாக ஆப்கன் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து நம் கல்லூரிகளில் படிக்க வைத்தது. ஹெராத்தில் சல்மா அணையை முடித்துக் கொடுத்ததைவிட அது பெரிய வேலை என்று, அணைக்காரனாக இருந்தும், நினைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 25 அன்று ஏற்கெனவே கொடுத்த விசாக்களை இந்தியா செல்லாததாக்கியது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த மாணவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஆப்கன் மக்களோடு நிற்கிறோம் என்று சொல்ல விரும்புகிறவர்கள் நம் அரசிடம் கேட்க வேண்டியது அந்த விசாவைத்தான்.