குவாட்ரபிள் மார்க்கர் சோதனையில் 'ஹை ரிஸ்க்' வந்தால் குழந்தைக்குக் குறைபாடு உறுதியா?

உறுதியல்ல. தாயின் இரத்தத்தில் நான்கு பொருள்களை அளந்து, குழந்தைக்கு டவுன் நோய்க்குறி போன்றவை இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் அந்தச் சோதனை. உங்கள் அறிக்கையில் டவுன் நோய்க்குறிக்கு 1:190 என்று வந்திருப்பதாகவும், மூன்று நாட்களாக உறக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போன்ற முடிவு வந்த 190 பேரில் ஒருவரின் குழந்தைக்கு அது இருக்கலாம், மற்ற 189 பேரின் குழந்தைகளுக்கு இல்லை என்பதே அந்த எண்ணின் பொருள். பல ஆய்வகங்கள் 1:250 என்பதைப் போன்ற ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிய எல்லாவற்றையும் 'ஹை ரிஸ்க்' என்று அச்சிடுகின்றன.

எனக்கு வந்தது 1:210. தொலைபேசியில் அழைத்தவர் "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று மாலையே என் மாமியார், "எங்கள் வம்சத்தில் இப்படி யாரும் இல்லையே" என்றார். டவுன் நோய்க்குறியில் சுமார் 95 விழுக்காடு, உயிரணுப் பிரிவின்போது தற்செயலாக 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடிவிடுவதால் நேர்வது, வம்சத்தில் வருவதன்று என்று எனக்கு அப்போது எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அறிக்கையை முழுவதும் படித்தேன். கர்ப்ப காலம் 17 வாரம் 6 நாள் என்று, கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. முதல் ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து சொன்னபடி பார்த்தால், இரத்தம் எடுத்த அன்று 15 வாரம் 5 நாள்தான். இந்த இரண்டு வாரம் அற்பமானதன்று. இந்தச் சோதனை அளக்கும் பொருள்களில் ஏஎஃப்பியும் ஈஸ்ட்ரியாலும் அந்தக் காலத்தில் தாயின் இரத்தத்தில் வாரந்தோறும் ஏறுகின்றன, எச்சிஜி இறங்குகிறது. டவுன் நோய்க்குறியிலோ முதல் இரண்டும் குறைவாகவும் எச்சிஜி கூடுதலாகவும் காணப்படுவது வழக்கம். எனவே 15 வார இரத்தத்தை 17 வார அளவுகோலில் வைத்துப் பார்த்தால், நலமான கர்ப்பத்திலும் அதே சாயல் தெரியும். மருத்துவரிடம் ஸ்கேன் தாளைக் காட்டினேன். மறுபடி இரத்தம் எடுக்காமலே ஆய்வகம் கணக்கைத் திருத்தியது. 1:1,300 என்று வந்தது.

நான் மருத்துவர் அல்லள். சோதனையே வேண்டாம் என்றோ, திருத்தினால் எல்லோருக்கும் எண் இறங்கும் என்றோ நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதி வேறு பக்கம் பிழையாக இருந்தால் ஆபத்துக் கணக்கு ஏறவும் செய்யும். டவுன் நோய்க்குறியுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களைக் குறைத்துப் பேசுவதும் என் நோக்கமன்று.

நாளை முதல் ஸ்கேன் அறிக்கையை எடுத்துச் சென்று வாரக்கணக்கு, உங்கள் வயது, எடை, நீரிழிவு உண்டா என்ற விவரங்கள் படிவத்தில் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அனைத்தும் சரியாக இருந்து எண்ணும் மாறாவிட்டால், என்ஐபிடி என்ற இரத்தச் சோதனை இதைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆனால் அது பார்ப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏவை என்பதால், அதுவும் வாய்ப்பைத்தான் சொல்லும். உறுதி வேண்டுமென்றால், 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம்களை நேரடியாகப் பார்க்க வேண்டும். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. ஆகவே செய்வதா வேண்டாமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் மருத்துவருடன் அமர்ந்து முடிவு செய்யுங்கள்.