மண்ணீரலில் புற்றுக்கட்டி, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு: வேலூர் வெயிலில் 11 வயது லாப்ரடார் நாயை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் வலி. ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடந்தால், காரணமில்லாமல் இரைத்தால் வலி இருக்கலாம். அதற்காக வீட்டிலிருக்கும் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள். ஈரல், சிறுநீரகம், குடல் கெடும். மருத்துவர் எழுதிய மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கூடாது. இரண்டும் சேர்ந்தால் குடல் புண்ணாகி மலம் தார் மாதிரி கறுக்கும்.

சாப்பிட மறுத்தால் உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியை வெதுவெதுப்பாக்கி உள்ளங்கையில் நீட்டுங்கள். சூட்டில்தான் வாசனை எழும். நாளைக்கு நான்கைந்து முறை, கொஞ்சம் கொஞ்சமாக. ரசம் சோறு வேண்டாம், அதில் பூண்டு இருக்கும்.

இந்த நோயில் பெரிய பயம் உள்ளே ரத்தம் கசிவது. தினமும் காலையில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் நிம்மதி. வெளுத்தாலோ, வயிறு உப்பியிருந்தாலோ அது அவசரம், உடனே கிளம்புங்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை வேண்டாம், தரைத்தள சிமெண்ட் தரையே நல்லது. முழங்கை புண்ணாகாமல் மெத்தை போட்டு, நாலு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள், ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.