கொரியன் த்ரில்லர் பத்தி என்ன வேணாலும் கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. இன்னிக்கு ராத்திரி கொஞ்சம் ஃப்ரீ, அதனால கேள்விய போடுங்க. படம் பத்தி மட்டும், கே டிராமா வேணாம், அதுக்கு என்ன விட விஷயம் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. ஸ்பாய்லர் வந்தா முன்னாடியே சொல்லிடுவேன்.

கேள்வி: அக்கா, நான் பாரசைட் மட்டும் தான் பாத்துருக்கேன். அடுத்து எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?

மெமரீஸ் ஆஃப் மர்டர், 2003. அதே போங் ஜூன்-ஹோ டைரக்‌ஷன், பாரசைட்ல அப்பாவா வந்த சோங் காங்-ஹோ தான் இதுலயும். ஹீரோன்னு நினைச்சுட்டு போகாத. ஒருத்தன் மூஞ்சிய பாத்தாலே குத்தவாளியா இல்லையான்னு சொல்லிடுவேன்னு பீத்திக்கிற ஒரு கிராமத்து டிடெக்டிவ் அவரு, பாதி படம் வரைக்கும் நமக்கு சிரிப்பு தான் வரும், அப்புறம் அந்த சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியாது. அத முடிச்சுட்டு தி சேசர், அப்புறம் மதர். ஓல்ட்பாய உடனே போட்றாத, கொஞ்சம் பழகிட்டு பாரு.

கேள்வி: மெமரீஸ் ஆஃப் மர்டர் உண்மைக் கதையாமே? கொலைகாரன் கடைசில மாட்டினானா இல்லையா?

படம் பாக்காதவங்க இத தாண்டி போயிடுங்க.

உண்மைக் கதை தான். 1986லேருந்து 1991 வரைக்கும் சியோலுக்குத் தெற்க ஹ்வாசோங்னு ஒரு ஏரியாவுல 10 பொண்ணுங்கள கொன்னாங்க. எக்கச்சக்கமா போலீஸ இறக்கியும் கண்டுபிடிக்க முடியல. அது ராணுவ ஆட்சி முடியப்போற காலம், ஊரெல்லாம் போராட்டம், படத்துலயே பாருங்க, காவலுக்கு ஆள் வேணும்னு இவங்க கேக்கும்போது போலீஸ் ஃபோர்ஸ் மொத்தமும் போராட்டத்த அடக்கப் போயிருக்கும். டிஎன்ஏ டெஸ்ட் பண்ண அங்க வசதி இல்லாம அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு காத்திட்டு இருப்பாங்க.

படம் வந்து 16 வருஷம் கழிச்சு, 2019ல, பழைய சாம்பிள திரும்ப டெஸ்ட் பண்ணதுல ஒரு ஆளோட டிஎன்ஏ மேட்ச் ஆச்சு. அவன் எங்க இருந்தான் தெரியுமா, ஏற்கனவே ஜெயில்ல! மச்சினிச்சிய கொன்னதுக்காக 1994லேருந்து ஆயுள் தண்டனை. மொத்தம் 14 கொலைன்னு அவனே ஒத்துக்கிட்டான். அந்தக் காலத்துலயே போலீஸ் அவன கூப்ட்டு விசாரிச்சிருக்காங்க, ஆனா கொலைகாரன் ரத்தம் பி குரூப்புன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க, இவனோடது ஓ, அனுப்பிட்டாங்க. இதுல வயிறு எரியற விஷயம் இன்னொன்னு இருக்கு. எட்டாவது கொலைய இவன் தான் பண்ணான்னு ஒரு அப்பாவிய உள்ள போட்டு, அவரு 20 வருஷம் கிட்ட ஜெயில்ல கழிச்சாரு, 2020 டிசம்பர்ல தான் நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சு. படத்துல சந்தேகப்பட்டவனையெல்லாம் போட்டு மிதிச்சு வாக்குமூலம் வாங்குற சீன் வரும்ல, இத தெரிஞ்சுட்டு திரும்ப பாத்தா அந்தக் காமெடி காமெடியாவே இருக்காது.

கடைசி ஷாட்ல சோங் காங்-ஹோ நேரா கேமராவ பாப்பாரு. கொலைகாரன் என்னிக்காவது இந்தப் படத்த பாப்பான், அப்ப அவன் கண்ண பாக்கணும்னு தான் டைரக்டர் அப்படி வெச்சாரு. அவன் ஜெயில்ல படத்த பாத்திருக்கான். 2020ல கோர்ட்ல கேட்டப்ப சும்மா படமா தான் பாத்தேன், ஒண்ணும் தோணலன்னு சொல்லிட்டான்.

கேள்வி: ப்ரோ, எந்தப் படத்துல பாத்தாலும் கத்தி, சுத்தியல், கட்டை தான். துப்பாக்கியே இல்லையா அந்த ஊர்ல?

ப்ரோ இல்லப்பா, அக்கா. பரவால்ல.

தனியாளுங்க கைல துப்பாக்கி இருக்குறது அங்க ரொம்ப ரொம்ப கம்மி. வேட்டைக்கு லைசென்ஸ் வெச்சிருக்கவங்க கூட துப்பாக்கிய போலீஸ் ஸ்டேஷன்ல தான் ஒப்படைச்சு வெக்கணும். அதனால ஒரு சாதா ஆள் கைல திடீர்னு பிஸ்டல் வந்தா அங்க ஆடியன்ஸே நம்ப மாட்டாங்க. கைல கிடைச்சத எடுத்து தான் அடிக்கணும், தி எல்லோ சீன்ற படத்துல ஒருத்தர் மாட்டு எலும்ப எடுத்துட்டு கிளம்புவாரு, சத்தியமா. ஆனா இதுல லாபம் யாருக்குன்னா டைரக்டருக்கு தான். துப்பாக்கின்னா தூரத்துலேருந்து ஒரு சத்தம், முடிஞ்சுது. கத்தின்னா கிட்ட போகணும், மூச்சு வாங்கணும், வழுக்கி விழணும், அடிக்கிறவனுக்கும் வலிக்கணும். அங்க ஃபைட்டு எல்லாம் அழகா இல்லாம அசிங்கமா, நிஜமா இருக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: தி சேசர்ல அரை மணி நேரத்துலயே கொலைகாரன புடிச்சுட்டாங்களே, அப்புறமும் எப்படி நகம் கடிக்க வெச்சாங்க?

நல்ல கேள்வி, கேட்டவருக்கு ஒரு டீ.

2008ல வந்துச்சு, நா ஹாங்-ஜினுக்கு அது முதல் படம், நம்பவே முடியாது. மாஜி டிடெக்டிவ் ஒருத்தன், இப்ப பொண்ணுங்கள வெச்சு தொழில் பண்றவன், அவன் அனுப்புற பொண்ணுங்க ஒவ்வொருத்தியா காணாம போறாங்க, எவனோ கடத்தி வித்துட்டான்னு காசு போன கோவத்துல தான் தேட ஆரம்பிக்கிறான். கொலைகாரன் மாட்டுறான், ஸ்டேஷன்ல உக்காந்து ஆமா கொன்னேன்னு கூலா சொல்றான். ஆனா பாடி எங்க? ஆதாரம் எங்க? ஆதாரம் இல்லன்னா வெளிய விட்டாகணும். போலீஸோ, மேயர் மேல ஒருத்தன் மலத்த வீசிட்டான்னு அந்த மானத்த காப்பாத்துற வேலைல இருக்கு. இன்னொரு பக்கம் ஒரு பொண்ணு உயிரோட அடைஞ்சு கிடக்கா, அது நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. யாரு கொலைகாரன்ற கேள்வியே இல்லாம நேரத்த வெச்சே கழுத்த நெரிக்கிறாங்க. இதுவும் யூ யங்-சோல்னு 2004ல மாட்டின சீரியல் கில்லர் கேஸ லேசா தழுவினது தான். அந்தக் கேஸ்ல நிஜமாவே வலிப்பு வந்த மாதிரி நடிச்சு போலீஸ் கைலேருந்து தப்பி, அப்புறம் திரும்ப மாட்டினான்.

கொலைகாரனா ஹா ஜங்-வூ. வில்லன்னா மூஞ்சிய இறுக்கி வெச்சுக்கணும்னு யாரோ சொல்லிக் குடுத்தத அவரு காதுலயே வாங்கிக்கல. சின்னப் பையன் ஹோம்வொர்க் பண்ணாம மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு அசட்டுச் சிரிப்பு, அவ்ளோ தான் அவரோட ஆயுதம். துரத்துறவரு கிம் யுன்-சோக், ஓடும்போது மூச்சு இரைக்கிறது நமக்கே நெஞ்சு அடைக்கும். இதே ரெண்டு பேர், இதே டைரக்டர், 2010ல தி எல்லோ சீ. இதுல அப்படியே தலைகீழ், ஹா ஜங்-வூ ஓடுறவரு, சீனாவுல கடன்ல மூழ்கின ஒரு டாக்ஸி டிரைவர், கிம் யுன்-சோக் தான் மிருகம், மேல சொன்ன எலும்பு பார்ட்டி. ரெண்டையும் ரெண்டு நாள்ல அடுத்தடுத்து பாருங்க, நடிப்புன்னா என்னன்னு புரிஞ்சுடும்.

கேள்வி: அம்மா அப்பாவோட உக்காந்து பாக்குற மாதிரி ஏதாவது?

கஷ்டம்மா. தி டெரர் லைவ் ஓகே. ஐ சா தி டெவில மட்டும் தப்பித் தவறி போட்றாத, அங்க சென்சார் போர்டே அதுக்கு ரெண்டு தடவ ரிலீஸ் பண்ண முடியாத ரேட்டிங் குடுத்து, வெட்டின அப்புறம் தான் தியேட்டருக்கு விட்டாங்க.

கேள்வி: ஓல்ட்பாய் காரிடார் ஃபைட் ஒரே ஷாட்டா? ஆக்டோபஸ் நிஜமா?

ஒரே ஷாட். மூணு நாள், 17 டேக். முதுகுல குத்தி நிக்கிற கத்தி மட்டும் கிராஃபிக்ஸ், மத்தபடி சோய் மின்-சிக் களைச்சுப் போயி தள்ளாடுறது எல்லாம் ஒரிஜினல். ஆக்டோபஸும் நிஜம் தான். அவரு பௌத்தர், அதனால ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு சாப்ட்டாரு. 2004 கேன்ஸ்ல படம் கிராண்ட் ப்ரீ வாங்குச்சு, ஹாலிவுட் டைரக்டர் டாரன்டினோ தான் அந்த வருஷ ஜூரி தலைவர்.

எல்லாரும் ட்விஸ்ட்டயே பேசுறாங்க, எனக்கு அந்தப் படம் சோய் மின்-சிக்கோட முகம் தான். 15 வருஷம் எதுக்குன்னே தெரியாம ஒரு ரூம்ல அடைஞ்சு கிடந்தவன் வெளிய வந்து முதல் தடவ இன்னொரு மனுஷன தொட்டுப் பாக்குறான் பாருங்க, அங்கயே எனக்கு படம் முடிஞ்சுடுச்சு. இவரு தான் ஐ சா தி டெவில்ல கொலைகாரன், 2024ல எக்ஸ்ஹுமான்ற படத்துல சமாதிக்கு நல்ல நிலம் பாத்து சொல்ற பெரியவரு. ஒரே ஆளா இதுன்னு தோணும்.

கேள்வி: தமிழ்ல கொரியன் படங்கள சுட்டுட்டாங்கன்னு எப்ப பாத்தாலும் சொல்றாங்களே, உண்மையா?

சுட்டதும் உண்டு, காசு குடுத்து முறையா வாங்கினதும் உண்டு. நயன்தாரா நடிச்ச நெற்றிக்கண் 2011ல வந்த ப்ளைண்டோட அஃபிஷியல் ரீமேக். கண்ணு தெரியாத பொண்ணு தான் சாட்சின்ற அந்த ஒரு ஐடியா சீனா, ஜப்பான், தமிழ், இந்தின்னு ஊர் ஊரா போச்சு, சீன வெர்ஷன கொரியன் டைரக்டரே போயி எடுத்துக் குடுத்தாரு. கடாரம் கொண்டான் கதை வேற. அதோட மூலம் ஃப்ரெஞ்ச் படம், கொரியாவுல அதையே 2014ல தி டார்கெட்னு எடுத்தாங்க, ஆக ரெண்டும் ஒரே தாய் பிள்ளைங்க.

இங்கேருந்து அங்க போறதும் நடக்குது. பாபநாசத்தோட மூலமான மலையாள த்ரிஷ்யத்த கொரியன்ல எடுக்கப் போறதா 2023 கேன்ஸ்ல அறிவிச்சாங்க, அந்தக் கொரியன் கம்பெனில சோங் காங்-ஹோவும் ஒரு பங்காளி. பாரசைட் ஆஸ்கர் வாங்கினப்ப அது மின்சார கண்ணா கதைன்னு இங்க ஒரு கூத்து நடந்துச்சே, குடும்பமே ஒரு பணக்கார வீட்டுல வேலைக்கு சேருதுன்றத தவிர எனக்கு ஒரு ஒத்துமையும் தெரியல.

கேள்வி: நிறைய படத்துல 15 வருஷம் ஆச்சு, இனி கொலைகாரன தொட முடியாதுன்னு வருது. அது என்ன கணக்கு?

சட்டமே அப்படி தான் இருந்துச்சு. கொலைன்னாலும் 15 வருஷத்துக்குள்ள கேஸ் போடலன்னா அப்புறம் போட முடியாது. 2007ல அத 25 ஆக்கினாங்க, 2015ல கொலைக்கு அந்த வரம்பையே தூக்கிட்டாங்க. 1999ல டேகு நகரத்துல ஆசிட் வீசி ஒரு 6 வயசுப் பையன கொன்னாங்க, அந்தக் குடும்பம் வருஷக்கணக்கா போராடினதுல வந்த மாற்றம் இது, ஆனா அவங்க கேஸுக்கே டைம் முடிஞ்சு போனதால பிரயோஜனப்படல. ஹ்வாசோங் கேஸும் 2006லயே காலாவதி, அதனால தான் 2019ல கண்டுபிடிச்சும் அந்தக் கொலைகளுக்கு அவன் மேல வழக்கு போட முடியல. இந்தக் கோவத்துல பொறந்தது தான் 2012ல வந்த கன்ஃபெஷன் ஆஃப் மர்டர், டைம் முடிஞ்சதும் கொலைகாரன் வெளிய வந்து நான் தான் பண்ணேன்னு புக்கு போட்டு ஸ்டார் ஆகுறான். மான்டாஜும் இதே சட்டத்த வெச்சு தான், அத தான் இந்தில அமிதாப் வெச்சு தீன்னு எடுத்தாங்க.

கேள்வி: தி மேன் ஃப்ரம் நோவேர் ஹீரோ வோன் பின் என்ன ஆனாரு?

2010ல அந்த வருஷத்தோட பெரிய ஹிட்ட குடுத்துட்டு சினிமாவுல நடிக்கறதையே விட்டுட்டாரு. விளம்பரத்துல வந்தாரு, கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அவ்ளோ தான். காத்திருந்து காத்திருந்து எங்களுக்கு தான் நரை விழுந்துச்சு.

கேள்வி: எல்லாம் ஆம்பளைங்க படமாவே இருக்கு. பொண்ணுங்க நடிச்சது சொல்லுங்க அக்கா.

மதர், 2009. கிம் ஹ்யே-ஜான்னு ஒரு பெரியம்மா. டிவில 1980லேருந்து 2002 வரைக்கும் ஓடின ஒரு கிராமத்து சீரியல்ல அம்மாவா வந்து ஒரு நாட்டுக்கே அம்மாவா ஆனவங்க. அவங்கள கூட்டிட்டு வந்து, புள்ள மேல கொலைப் பழி விழுந்தா ஒரு அம்மா எது வரைக்கும் போவான்னு போங் ஜூன்-ஹோ கேட்டாரு. அந்த முகத்த நம்பி வளந்த ஜனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. முதல் சீன்ல புல்வெளில தனியா நின்னு ஆடுவாங்க, ஏன்னு கடைசில தான் புரியும். ஒரு துணுக்கு, அதே சீரியல்ல அவங்களுக்கு மூத்த மகனா நடிச்சவரோட நிஜ மகன் தான் நம்ம சேசர் கொலைகாரன் ஹா ஜங்-வூ.

அப்புறம் லேடி வெஞ்சன்ஸ், லீ யங்-ஏ. பெடெவில்ட், சோ யங்-ஹீ, ஒரு தீவுல மருமகளா அடி வாங்கியே வாழ்ற பொண்ணு ஒரு நாள் அரிவாள எடுக்குறா, நம்மூர்ல பொறந்த யாருக்கும் விளக்கவே வேணாம். தி வில்லனஸோட பைக் கத்திச் சண்டைய ஜான் விக் மூணாவது பாகத்துல எடுத்து ஆண்டிருப்பாங்க.

கேள்வி: மா டோங்-சோக் படமெல்லாம் த்ரில்லரா, மாஸ் மசாலாவா?

மசாலா தான், அதுல என்ன தப்பு? அவரு போலீஸா வர்ற பட வரிசைல முதல் பாகம் தி அவுட்லாஸ் 2017ல வந்தப்ப கொஞ்சம் இருட்டா இருந்துச்சு, அடுத்தடுத்த பாகமெல்லாம் ரவுண்டப் ரவுண்டப்னு பேர வெச்சு ஒரே அறை தான். அங்க வசூல பணத்துல சொல்றத விட டிக்கெட்டு கணக்குல தான் சொல்லுவாங்க, 1 கோடி டிக்கெட்டு தான் பெரிய கோடு, நாட்டு ஜனத்தொகையே 5 கோடி சொச்சம். அந்தக் கோட்ட இவரு 2022, 2023, 2024ன்னு மூணு வருஷம் வரிசையா தாண்டினாரு. அமெரிக்காவுக்குப் போயி, அங்க ஃபைட்டர்களுக்கு ட்ரெய்னரா இருந்தவரு, அதனால அந்தக் கை சும்மா சினிமா கை இல்ல.

கேள்வி: டப்பிங்ல பாக்கலாமா?

வேணாம். டிசிஷன் டு லீவ்ல சீனப் பொண்ணா வர்ற டாங் வெய் மனசுல இருக்கறத சீன மொழில சொல்லி ஃபோன்ல மொழிபெயர்த்துக் காட்டுவாங்க, டப்பிங்ல எல்லாரும் ஒரே பாஷை பேசினா அந்தக் காதலே காலி.

கேள்வி: இப்பவே ஒண்ணு போடணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியணும், பேய் வேணாம்.

எ ஹார்ட் டே, 2014. அம்மாவோட சாவு வீட்டுலேருந்து அவசரமா கிளம்புன போலீஸ்காரன் ஒருத்தன் ரோட்டுல ஆள ஏத்திடுறான், பாடிய எங்க ஒளிக்கிறான்றத நான் சொல்ல மாட்டேன், பாத்துட்டு வந்து என்ன திட்டுங்க. பாரசைட்ல பணக்கார அப்பாவா வந்த லீ சன்-க்யுன் தான் இதுல ஹீரோ, 2023ல இறந்துட்டாரு பாவம். பயந்துக்கிட்டே பொய் சொல்ற ஒரு ஆள அவர மாதிரி யாராலயும் பண்ண முடியாது. சோ ஜின்-வூங் எப்ப உள்ள வராருன்னு மட்டும் பாத்துட்டே இருங்க, பாதி படம் வரைக்கும் வெறும் குரல் மாதிரி தான் இருப்பாரு, அப்புறம் வந்து ஒரு அறை விடுவாரு பாருங்க, ஹெட்ஃபோன் போட்டிருந்தா சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க.