"படிச்சிட்டு ஜல்லி கொட்டவா போறான்?" என்று கேட்கும் அம்மாவுக்கு

சிவில் டிப்ளமோ முடித்த மகன் ரயில் பாதைப் பராமரிப்பில் சேரப்போகிறேன் என்கிறான், உங்களுக்கு மனசு ஆறவில்லை. உங்கள் கவலையில் பாதி நியாயமானது, அதற்கு அப்புறம் வருகிறேன். மீதிப் பாதி, அந்த ஜல்லிக்கு என்ன வேலை என்று யாரும் உங்களுக்குச் சொல்லாததால் வந்தது.

தண்டவாளம், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப், அடியில் ரப்பர் பேட், தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர், அதற்கும் கீழே ஏறக்குறைய ஓர் அடி கனத்துக்கு உடைத்த கருங்கல். ரயிலின் பாரம் முழுவதும் இந்த வழியாகத்தான் மண்ணில் இறங்குகிறது. ஜல்லி முனை முனையாக இருப்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கிறது. கூழாங்கல்லாக இருந்தால் உருண்டுவிடும். வெயிலில் சூடேறும் தண்டவாளம் நீளப் பார்க்கும். நெடுக வெல்டு செய்த பாதையில் அதற்கு இடம் கிடையாது. அந்த நேரத்தில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடாமல் தடுப்பதில், ஸ்லீப்பர் ஓரங்களில் குவித்திருக்கும் ஜல்லிக்குப் பெரிய பங்கு உண்டு.

படிப்பு தேவைப்படும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். பாதையில் ஓர் இடம் அடிக்கடி தாழ்கிறது என்று வையுங்கள். டேம்பிங் மெஷின் வந்து பாதையைத் தூக்கிப் பிடித்து, அதிரும் இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, ஸ்லீப்பருக்கு அடியில் கல்லை நெருக்கிவிடும். மட்டம் சரியாகிவிடும். ஆனால் கீழே தண்ணீர் தேங்கி, ரயில் போகும்போதெல்லாம் சேறு மேலே பீச்சிக்கொண்டு வந்தால், அதே இடம் மறுபடி தாழும். டேம்பிங் செய்யும் ஒவ்வொரு முறையும் கல்லின் முனைகளும் கொஞ்சம் உடையும். அந்தத் தூளும் சேறும் இடுக்குகளை அடைத்துவிட்டால் தண்ணீர் வடியவே வடியாது. அப்போது ஜல்லியைத் தோண்டிச் சலித்து, நல்ல கல்லை மட்டும் திரும்பப் போட வேண்டும், வடிகாலையும் சரிசெய்ய வேண்டும். கோளாறு கல்லிலா, மண்ணிலா, வடிகாலிலா, தேய்ந்துபோன பேடிலா என்று பார்த்துச் சொல்ல மண்ணியலும் சர்வேயும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த இடம்தான். கையால் ஜல்லி அள்ளவும் ஆரம்பத்தில் பழகட்டும், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

சரி, இப்போது அந்த நியாயமான பாதி. ரயில் ஓடாத இடைவெளியில்தான் பெரிய வேலைகள் நடக்கும் என்பதால் இரவு வேலை நிறைய இருக்கும். வெயில், மழை, பண்டிகை நாள் எதுவும் பார்க்க முடியாது. ரயில் ஓடும் இடத்தில் ஒரு நொடிக் கவனக்குறைவுகூட உயிரை வாங்கிவிடும். இதை நான் மறைக்க மாட்டேன். தூக்கம் கெட்டால் நிதானம் இழக்கிற சுபாவம் அவனுக்கு இருந்தால் இந்த வேலை வேண்டாம் என்றே சொல்வேன்.

இல்லையென்றால் அவனைப் போக விடுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் பாதையில் நடக்கட்டும். அப்புறம் பாதை அளவீடு, தண்டவாளத்தின் உள்விரிசலைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை, இயந்திரப் பிரிவு, வடிவமைப்பு என்று போக வழி இருக்கிறது. நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பாதையில் இறக்குவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி எத்தனை நாள், ரயில் வருவதைப் பார்த்து எச்சரிக்கத் தனி ஆள் உண்டா, இரவு வேலைக்குப் பின் எத்தனை மணி நேரம் ஓய்வு. பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம், வேறு நிறுவனத்தில் பார்க்கட்டும்.