பழைய லேப்டாப்: ஐ3-5005யூ நல்லதா, செலரான் என்4020 நல்லதா?

கேள்வி: வேலூரில் செகண்ட் ஹேண்டில் இந்த இரண்டு இன்டெல் பிராசசர் உள்ள லேப்டாப்களும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. கல்லூரி வேலைக்கு எது?

பெயரையும் வருஷத்தையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐ3-5005யூ 2015-இல் வந்தது: 2 கோர் (வேலை செய்யும் மூளை), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 2.0 கிகாஹெர்ட்ஸ் வேகம். டர்போ, அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்வது, கிடையாது. என்4020 அதைவிடப் புதுசு. 2 கோர், 2 த்ரெட், 1.1-இல் ஓடி, தேவைப்பட்டால் 2.8 வரை எகிறும். ஒரே ஒரு வேலை என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. பிரவுசரில் பத்து டேப், பக்கத்தில் எக்செல் என்று போனால் ஐ3தான் தாங்கும்.

உண்மையில் கழுத்தை அறுப்பது ஸ்டோரேஜ். என்4020 மெஷின்களில் பெரும்பாலும் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சியும் (சிப் வடிவ ஸ்டோரேஜ்) போர்டோடு பற்றவைத்திருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பத்தாது. வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டினால் ரேமைக் கழற்ற முடியாது. ஐ3-இல் பெரும்பாலும் 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி சாட்டா எஸ்எஸ்டி (அதே இடத்தில் பொருந்தும் வேகமான டிஸ்க்) போடலாம். அதற்கு ரேம் வாங்கும்போது டிடிஆர்3எல் ரகம், 1.35 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சூடு: ஐ3-க்கு 15 வாட், என்4020-க்கு 6 வாட். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் ஐ3-இன் ஃபேன் கத்தத்தான் செய்யும். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றுங்கள்.

ஒரு சிக்கல்: ஐ3-இல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, என்4020-இல் ஏறும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் சம்மதமென்றால் ஐ3, எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கட்டாயமென்றால் எஸ்எஸ்டி உள்ள என்4020 மட்டும்.