கத்தி சேகரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 600 வெள்ளி இருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் மடக்குக் கத்தி ஒன்று அந்த விலைக்கு வருகிறது. வெளிநாட்டுக் கத்திக் கொல்லர் ஒருவர் கையால் செய்த வேட்டைக் கத்தியும் அதே விலைதான். சேகரிப்புக்கு எதை வாங்கலாம்? – வாசகர், ஈசூன்

பதில்: எஃகை மட்டும் பார்த்தால் ஆலைக் கத்தி முந்தும். எஸ்30வி போன்ற தூள் எஃகை (உலோகத் தூளை அழுத்திச் செய்யும் எஃகு), வெப்பம் துல்லியமாகக் கட்டுப்படும் உலையில் கடினப்படுத்துகிறார்கள். முதல் கத்திக்கும் ஆயிரமாவது கத்திக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கைவினைக் கத்தியில் உங்கள் பணத்தின் பெரும்பகுதி உழைப்புக்குப் போகிறது. அந்த உழைப்பு எங்கே போனது என்று கத்தியிலேயே தெரிய வேண்டும்.

வாய்ப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி கத்தியைப் பிடியுங்கள். அலகின் இரு பக்கமும் சாணைச் சரிவு பிடிக்கு அருகே முடியும் இடங்கள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கொல்லர் கண்ணளவில் சாணை பிடிப்பதால் தவறு முதலில் தெரிவது இங்கேதான். அடுத்து, மேசை விளக்கைச் சாய்வாக அடித்து அதே மூலையைப் பாருங்கள். மெருகுக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓட, நடுவே குறுக்காக ஆழமான கீறல் தெரிந்தால், முரட்டு உப்புத்தாளின் தடத்தை முழுதாகத் தேய்த்து எடுக்கவில்லை என்று பொருள். கைக்காப்புக்கும் (பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தடுப்பு) அலகுக்கும் இடையே வெளிச்சம் ஊடுருவக் கூடாது. ஊடுருவினால் அந்த இடுக்கில் ஈரம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடிக்கும். பிடியின் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், தட்டக் கூடாது. முதுகின் கனம் பிடியிலிருந்து நுனிவரை சீராகக் குறைந்து வந்தால், அது பொறுமையான கையின் வேலை.

இவ்வளவும் சரியென்றால் கைவினைக் கத்தியையே வாங்குங்கள். ஒன்று தவறினாலும் ஆலைக் கத்தி மேல். அரைகுறைக் கைவேலையை மறுபடி விற்பது மிகக் கடினம்.

கேள்வி: தோய்ச்சல், அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்கியது, சரியாக இருக்கிறதா என்பது பார்வைக்குத் தெரியாதே? – வாசகி, பிடோக்

பதில்: உண்மை. அதற்குக் கொல்லரின் தேர்ச்சியைத்தான் நம்ப வேண்டும். 1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் முதல் நிலைத் தேர்வில், தொங்கவிட்ட ஓர் அங்குலத் தடிமக் கயிற்றை, 10 அங்குலத்துக்கு மிகாத அலகால் ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கிய பிறகும் அதே வாய் மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் இடுக்கியில் மாட்டி 90 பாகை வளைக்கும்போது அலகு முறியக் கூடாது. வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் அமைந்தால்தான் இரண்டும் நடக்கும். தேறியவரின் அலகில் பெயரோடு ஜே.எஸ். (ஜர்னிமேன் ஸ்மித்), அதற்கு மேல் நிலை என்றால் எம்.எஸ். (மாஸ்டர் ஸ்மித்) என்ற முத்திரை இருக்கும்.

கேள்வி: 80 வெள்ளிக்கு டமாஸ்கஸ் கத்தி (அலகில் அலைக்கோலம் உள்ள அடுக்கெஃகுக் கத்தி) உண்மையாக இருக்குமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முதுகைப் பாருங்கள். இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து இணைத்திருந்தால் கோடுகள் முதுகிலும் தொடரும். மேற்பரப்பில் மட்டும் அச்சிட்ட கோலம் முதுகில் நின்றுவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும், அமிலத்தில் தோய்த்தாலும் திரும்ப வராது. உண்மையான அடுக்கெஃகாகவே இருந்தாலும், எந்த எஃகுகள் என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். 1095, 15என்20 என்ற இரு எஃகு வகைகளின் இணை நம்பகமானது. பின்னதில் உள்ள நிக்கல்தான் வெள்ளிக்கோடாகத் தெரிகிறது.

கேள்வி: பழைய ஆலைக் கத்திகளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். அமெரிக்கக் கத்தி நிறுவனமான கேஸ் 1970இல் முத்திரையில் 10 புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. 1979இல் ஒன்றே மிஞ்சியது. இன்னோர் அமெரிக்க நிறுவனமான பக் 1986 முதல் ஆண்டுக்கொரு குறி வைக்கிறது. முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ பொறியில் மெருகேற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கத்திக்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வீவக வீட்டில் கத்திகள் துருப்பிடிக்கின்றன. தோலுறையில்தான் வைத்திருக்கிறேன். – வாசகி, ஜூரோங்

பதில்: தோலுறைதான் காரணம். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். பதனிடப் பயன்பட்ட உப்பும் அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்து அலகில் குழி போடும். உறையைத் தனியே வையுங்கள். கேமராவுக்கு விற்கும் ஈரநீக்கிப் பெட்டியை 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் போதும். அதற்கு மிகக் கீழே இறக்கினால் மரமும் கொம்பும் சுருங்கி, ஆணித்தலைகள் துருத்திக்கொண்டு வரும்.

தொட்ட கையின் உப்பை மென்துணியால் துடைத்து, ரினைசன்ஸ் என்ற பாதுகாப்பு மெழுகை மிக மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் தேயுங்கள். 1095 போன்ற கார்பன் எஃகுக்கு இது கட்டாயம். டி2 என்ற எஃகு வகையில் ஏறக்குறைய 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் நம் காற்றில் அது கறைபடும். செல்லுலாய்டு (பழங்கால ஞெகிழி) பிடி வைத்த பழைய கத்தி இருந்தால் அதே பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? – வாசகர், சுவா சூ காங்

பதில்: விசைக் கத்தி, பட்டாம்பூச்சிக் கத்தி, இருபுறமும் கூருள்ள குத்துவாள் போன்றவற்றைப் பணம் கட்டும் முன்பே காவல்படையின் உரிமப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள். யானைத் தந்தப் பிடி வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் அதை விற்கத் தடை. வரியையும் கணக்கில் சேருங்கள். கத்தி 600, அனுப்பும் செலவும் காப்புறுதியும் 50 என்றால், 650க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 58 வெள்ளி 50 காசு.